முந்தின நாள் மழை

கோடை பிறந்துவிட்டால் ரேடியோவில் ஒரு குரல், "வட தமிழகச் சமவெளியில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை பெய்யக்கூடும்" என்று சொல்லும், டிவி வந்தபிறகு அதிலும் சொன்னது, செல்போன் வந்தபிறகு அதிலும் சொல்கிறது. சொல்கிறவர்கள் மேல் குற்றமில்லை, கோடை வானத்தைப் பற்றி அதற்கு மேல் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் செய்யாற்றுக்கும் வந்தவாசிக்கும் நடுவே காய்ந்து கிடக்கிற ஈச்சம்பூண்டிக்காரர்களுக்கு மூன்று தலைமுறையாக ஒரே கேள்விதான், அந்த ஓரிரு இடம் எது என்று. பக்கத்து ஊரில் கொட்டும், எல்லைக்கல் வரைக்கும் வரும், கல்லுக்கு அந்தப் பக்கம் தவளை கத்தும், இந்தப் பக்கம் புழுதி பறக்கும். இப்படிப்பட்ட ஊரில்தான் அஞ்சலாட்சியின் தலையில் நாளைக்குப் பெய்ய வேண்டிய மழை இன்றைக்கே பெய்ய ஆரம்பித்தது.

முதல் தடவை நடந்தது ஒரு சித்திரை மாதம், நாட்டாமை கன்னியப்பனின் கத்திரித் தோட்டத்தில். களை வெட்ட வந்த பெண்களில் அஞ்சலாட்சியும் ஒருத்தி, நாற்பது வயசு, புருஷன் செத்து ஏழு வருஷம், வீட்டில் சுகன்யா என்று பதினாறு வயசில் ஒரு மகள், அதற்கு மேல் சொல்லிக்கொள்ள அவளிடம் ஒன்றும் கிடையாது. மூன்று மணி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தபோது அவள் உச்சியில் ஒரு சொட்டு விழுந்தது, பிறகு பத்து சொட்டு, பிறகு சடசடவென்று கொட்டியது. அவளுக்கு இடப்பக்கம் நின்றவள் காய்ந்து நின்றாள், வலப்பக்கம் நின்றவளும் காய்ந்து நின்றாள், நடுவில் இவள் மட்டும் அரைமணி நேரம் நனைந்து, புடவை உடம்போடு ஒட்டி, பல் கிடுகிடுக்க நின்றாள். "இன்னாக்கா, ஒனக்கு மட்டும் தனியா மோட்டார் போட்டுட்டாங்களா?" என்று ஒருத்தி கேட்டாள், எல்லோரும் சிரித்துவிட்டு மறுபடி குனிந்தார்கள், ஏனென்றால் பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டிய பாத்தி இன்னும் நாலு இருந்தது. மறுநாள் அதே மூன்று மணிக்கு, அதே தோட்டத்தில், அரைமணி நேரம் மழை பெய்தது.

இரண்டாவது தடவை மாரியம்மன் கோயில் எதிரில் நனைந்தாள், மறுநாள் கோயில் எதிரில் பெய்தது. மூன்றாவது தடவை ஏரிக்குள் மாடு மேய்க்கும்போது நனைந்தாள், மறுநாள் ஏரிக்குள் பெய்தது. அதற்கப்புறம் ஊருக்குச் சந்தேகமே வரவில்லை. எப்படி இது என்று யாரும் கேட்கவில்லை, கேட்டு என்ன ஆகப்போகிறது, ஆட்டுக்கு வால் ஏன் குட்டை என்று யாராவது கேட்கிறார்களா. கன்னியப்பன் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப சரி, இனிமே ரேடியோவ நம்பிக் குந்திகினு இருக்கத் தேவயில்ல" என்றார்.

அன்றைக்கே பஞ்சாயத்து கூடிச் சில ஏற்பாடுகள் செய்தார்கள். சித்திரை முதல் ஆவணி வரை, உச்சிப்பொழுதிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை, அஞ்சலாட்சி கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது, மர நிழலில் உட்காரக் கூடாது, குடை பிடிக்கவே கூடாது. கன்னியப்பனின் டிராக்டர் பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டி, அதில் அவளை உட்காரவைத்து, கீழக்காடு, மேலக்காடு, ஏரிப்பாய்ச்சல் என்று சுற்றிக்கொண்டு வந்தார்கள். எந்த வரப்புக்கு வரும்போது நனைகிறாள், எந்த வரப்பைத் தாண்டினதும் நிற்கிறது என்று பார்த்து, அந்த வரப்பில் ஒரு குச்சி நட்டார்கள். வெளியூர்க்காரர்களும் வந்தார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறவன், பந்தல் போட்ட இடத்தில் ஒரு மணி நேரம் வந்து நின்றுவிட்டுப் போம்மா என்று கூப்பிட்டான். களத்தில் நெல்லைக் கொட்டி வைத்திருக்கிறவன் நெல்லுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னான். எல்லோரும் நன்றாகத்தான் கவனித்தார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள், உட்கார மனைப்பலகை போட்டார்கள். குளிருதா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. தனக்கு எப்போதும் சளி பிடித்திருக்கிறது என்பதை அவளே ஒருநாள் சொல்லிப் பார்த்தாள், "சளிதானே, மொளகு ரசம் வெச்சிக் குடிக்கா" என்றார்கள்.

ஒரேயொரு ஆள்தான் அவளைக் கண்டால் முகம் சுளித்தவர், செங்கல் சூளை வைத்திருந்த தணிகாசலம். அறுத்து வெயிலில் அடுக்கின பச்சைக்கல் ஒரு மழை பெய்தால் சேறு, அதனால் அவள் நனைந்தால் அவருக்கு வயிறு எரியும். தார்ப்பாய் போட்டு மூடிக்கொள்ளலாம், முதல் வருஷம் அப்படித்தான் மூடினார். இரண்டாவது வருஷம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. அஞ்சலாட்சியைக் கூப்பிட்டுத் தன் லாரியின் முன்பக்கத்தில் உட்காரவைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "சாயந்தரம் வரைக்கும் இதுலயே இரும்மா, நீ நனையலன்னா மழ எப்படி வருதுன்னு பாக்குறேன்" என்றார். கண்ணாடி மூடின லாரிக்குள் அவள் நனைந்தாள், சீட்டெல்லாம் ஊறிப்போனது. மறுநாள் மழையில் கல் கரைந்தது. தணிகாசலம் லாரியை வெயிலில் காயவைத்துக்கொண்டே டீக்கடையில் சொன்னார், "மழ வர்றது அவளுக்குத் தெரியுதுன்றீங்களே, அவதான் வரவெக்கிறா. அவ நெனச்சா வரும், நெனைக்கலன்னா வராது." அன்றைக்கு யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, ஆனால் ஒரு சொல்லை ஊருக்குள் விட்டுவிட்டால் அது எங்காவது ஓரத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டிருக்கும், வேளை வரும்போது எழுந்து உட்காரும்.

மூன்றாவது வருஷம் அந்த வேளை வந்தது. சித்திரையில் அவள் நனையவில்லை, வைகாசியில் நனையவில்லை, ஆனி பிறந்தும் நனையவில்லை. டிராக்டர் பெட்டியில் உட்காரவைத்து எல்லைக்கல்லுக்கு எல்லைக்கல் சுற்றினார்கள், தலை கொதித்ததே தவிர ஒரு சொட்டு விழவில்லை. முதலில் பாவம் என்று பார்த்தவர்கள், போகப் போக அவள் முந்தானையைப் பார்த்தார்கள், பிறகு முகத்தைப் பார்க்காமல் முந்தானையை மட்டும் பார்த்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் அவள் வந்தால் பேச்சு நின்றது. காய்ந்த புடவை கட்டிக்கொண்டு தெருவில் நடப்பது இவ்வளவு பெரிய குற்றமா என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கீழ்ப்பாடூரிலிருந்து ஜெகதாம்பாள் தன் மகனுக்குப் பெண் பார்க்க வந்தாள். பையன் தங்கமான பையன், செய்யாற்றில் கம்பெனி வேலை, சுகன்யாவை பஸ்ஸில் பார்த்துப் பிடித்துப்போய், கட்டினால் இவளைத்தான் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தவன். சுகன்யாவுக்கும் அவன்மேல் உயிர். ஜெகதாம்பாளுக்குத்தான் மனசில்லை, கூலிக்காரி வீட்டில் சம்பந்தம் என்ன என்று நினைத்தவள், ஊர் நாலு பேர் மதிக்கிற பொம்பளையாமே, மழையெல்லாம் சொல்கிறாளாமே என்று கேள்விப்பட்டுத்தான் படியேற ஒத்துக்கொண்டாள். "நான் வர்ற அன்னிக்கு அந்த அதிசயத்தக் கண்ணால பாத்துட்டே போறேன்" என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

அவள் வருகிற அன்று மத்தியானம் அஞ்சலாட்சி வாசலில் வெயிலில் நின்றாள், நின்றாள், வேர்வையில்கூட நனையவில்லை. தெருமுனையில் ஆட்டோ சத்தம் கேட்டது. சுகன்யா பின்பக்கத்திலிருந்து ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "ஊத்திக்கம்மா. பாத்துட்டுப் போயிடுவாங்க. யாருக்குத் தெரியப்போவுது."

"பொய்யிடி இது."

"ரெண்டு வருஷமா ஊருக்கு நெஜமா நனைஞ்சியே, எனக்கு ஒருதபா பொய்யா நனையக் கூடாதா?"

அஞ்சலாட்சி குடத்துக்கு எதிரில் வந்து நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள், மகள் குடத்தைக் கவிழ்த்தாள். சொட்டச் சொட்ட வாசலில் நின்றவளைப் பார்த்து ஜெகதாம்பாள் வாயில் கைவைத்துக்கொண்டாள், காபி குடித்தாள், பெண்ணுக்குப் பூ வைத்தாள், ஆடி கழித்துக் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்றாள். அதோடு போயிருந்தால் நல்லது. போகிற வழியில் டீக்கடையில் ஆட்டோவை நிறுத்தி, "ஒங்க ஊருக்கு நாளைக்கு மழ, எங்க சம்பந்தியம்மா இப்பதான் நனைஞ்சாங்க" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஊர் நாலுகால் பாய்ச்சலில் கிளம்பியது. ரேடியோ காலத்தில் மழை பெய்து மண் ஈரமானபிறகுதான் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை விதைப்பார்கள், அஞ்சலாட்சி வந்தபிறகு அவள் நனைந்த அன்றைக்கே காய்ந்த புழுதியில் விதையைப் போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது, அப்போதுதான் மறுநாள் மழை ஒரு சொட்டு வீணாகாமல் விதைக்குச் சேரும். இப்படி ஒரு துணிச்சல் வேறு எந்த ஊருக்கும் கிடையாது. அன்று சாயங்காலமே வீட்டுக்கு வீடு விதை மல்லாட்டையை வெளியே எடுத்தார்கள். அஞ்சலாட்சி உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கன்னியப்பன் வீட்டு வாசல் வரைக்கும் போனாள். உள்ளே குடும்பமே உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தது, சிரிப்புச் சத்தம் கேட்டது, கன்னியப்பன் அவளைப் பார்த்து, "வாம்மா, கொலதெய்வமே" என்றார். சொல்லாமல் திரும்பி வந்துவிட்டாள். அவள் செய்த தப்பு குடத்துத் தண்ணீர் அல்ல, இந்தத் திரும்பி வந்ததுதான், அது அவளுக்கும் தெரியும்.

மறுநாள் மழை இல்லை, அடுத்த நாளும் இல்லை. விதை புழுதிக்குள்ளேயே வறுபட்டது, மீதியை எறும்பு தின்றது. ஒரு வாரம் கழித்துக் கன்னியப்பன் மண்ணைக் கிளறி, கருகின விதை ஒன்றை எடுத்து வாயில் போட்டுப் பார்த்துத் துப்பினார். தணிகாசலம் போட்டுவைத்த சொல் அன்றைக்குத்தான் எழுந்து உட்கார்ந்தது. அவள்தான் மழையைக் கட்டிவைத்திருக்கிறாள், நனைகிற மாதிரி நனைந்து நம்மை ஏமாற்றிவிட்டாள் என்று ஊர் முடிவு செய்தது. அப்படியானால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், கொடும்பாவி கட்டி இழுப்பது.

அந்தப் பக்கத்தில் பழைய வழக்கம் அது. ஊரில் யாரோ ஒரு மகாபாவி இருப்பதால்தான் மழை பெய்யவில்லை என்று வைக்கோலில் ஒரு பொம்மை கட்டி, புடவை சுற்றி, தென்னங்கீற்றில் கிடத்தித் தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போவார்கள், பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள், கடைசியில் ஏரிக்கரைப் பனைமரத்தடியில் கொள்ளி வைப்பார்கள். பாவி யார் என்று பேர் சொல்வது கிடையாது. இந்தத் தடவையும் யாரும் பேர் சொல்லவில்லை, அஞ்சலாட்சி வீட்டுக் கொடியில் காய்ந்த அவளுடைய பச்சைப் புடவையை எடுத்துக்கொண்டு போய்ப் பொம்மைக்குச் சுற்றினார்கள், அவ்வளவுதான். கொள்ளிச்சட்டி யார் தூக்குவது என்ற பேச்சு வந்தபோது, அந்த வீட்டு ஆள்தான் தூக்கணும் என்றார்கள். சுகன்யா ஒத்துக்கொண்டாள். ஜெகதாம்பாள் ஏற்கெனவே ஆள் அனுப்பியிருந்தாள், பாவி வீட்டுப் பெண் எங்களுக்கு வேண்டாம், அந்தப் பெண் தாயை உதறிவிட்டு ஊரோடு நிற்குமானால் யோசிக்கிறோம் என்று.

"தூக்கப்போறியாடி?" என்று அஞ்சலாட்சி கேட்டாள்.

"பொம்மதானேம்மா" என்றாள் சுகன்யா, முகத்தைப் பார்க்காமல்.

இழுப்பதற்கு முந்தின நாள், வீட்டில் இருக்கப் பிடிக்காமல் அஞ்சலாட்சி சுள்ளி பொறுக்க ஏரிக்கரைக்குப் போனாள். பனைமரத்தடியில் பொம்மைக்குக் கொள்ளி வைக்கக் குழி வெட்டி வைத்திருந்தார்கள். அதை எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், மணி மூன்று இருக்கும், உச்சந்தலையில் ஒரு சொட்டு விழுந்தது. மூன்று மாசத்துக்கு அப்புறம் விழுந்த முதல் சொட்டு. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, அண்ணாந்து வாயைத் திறந்து குடித்தாள். ஏரியும் கரையும் வெயிலில் காய, அவள் தலையில் மட்டும் பேய்மழை. அப்போதுதான் கண்ணைப் பறிக்கிற வெள்ளை வெளிச்சம் ஒன்று இறங்கியது, காது அடைத்தது, பனைமரம் உச்சியிலிருந்து அடிவரை இரண்டாகப் பிளந்து, குழிக்குள் நெருப்புப் பாய்ந்து, சுற்றிலும் பத்தடிக்குப் புல் பொசுங்கியது. கீழே விழுந்தவள் எழுந்து பார்த்தால் பனைமரம் முழுசாக நின்றது, நுனியில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. அவளுடைய முந்தானை மட்டும் ஒரு முழத்துக்குக் கருகியிருந்தது.

நாளைக்கு மூன்று மணிக்கு அந்தக் குழியோரம் கொள்ளிச்சட்டியோடு முதல் ஆளாக நிற்கப்போகிறவள் சுகன்யா. அஞ்சலாட்சி ஓடினாள். தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள், நாளைக்கு மழை, பனையில் இடி, அங்கே போகாதீர்கள் என்று. "எந்தக் குழாயில ரொப்பிகினு வந்த?" என்று கேட்டார்கள். கன்னியப்பனிடம் கருகின முந்தானையைக் காட்டினாள். "அடுப்புல போட்டா எம் முந்தானையும்தான் கருகும்" என்று சொல்லிவிட்டு அவருடைய மனைவி கதவைச் சாத்தினாள். கடைசியில் மகளிடம் வந்தாள். சுகன்யா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"குடத்த ஊத்துனவளே நான்தான். என்னாண்டயே நடிக்கிறியாம்மா?" என்றாள்.

இதைக் கேட்டபிறகு அஞ்சலாட்சி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஒரு தடவை பொய் சொன்ன வாய், தீப்பிடித்தது என்று கத்தினாலும் தண்ணீர் எடுத்துக்கொண்டு எவனும் வரமாட்டான். அடுப்பங்கரையில் குந்தி யோசித்தாள். மழை வராது என்று சொன்னால் நம்புவார்கள், மழை வரும் என்று சொன்னால் நம்பமாட்டார்கள், பாவி என்று சொன்னால் உடனே நம்புவார்கள். அந்த ஒன்றுதான் அவள் கையில் மிச்சமிருந்தது.

மறுநாள் இரண்டு மணிக்குப் பறை அடித்துக்கொண்டு பொம்மை கிளம்பியது. பச்சைப் புடவை, கரியில் வரைந்த கண், முன்னால் கொள்ளிச்சட்டி தூக்கிச் சுகன்யா, பின்னால் பெண்கள் வட்டமாக மாரடித்துக்கொண்டு வந்தார்கள்.

"பாவி ஒருத்தி போறாளே, பட்டமரம் துளிர்க்காதோ,
பூட்டிவெச்ச வானத்துக்குச் சாவி எங்க வெச்சாளோ…"

ஊர்வலம் ஏரிப்பக்கம் திரும்புகிற முக்கில் அஞ்சலாட்சி நடுத்தெருவில் நின்றாள். தலைமுடியை அவிழ்த்துவிட்டிருந்தாள். நேராக வந்து கீற்றின் மேலிருந்த பொம்மையைக் காலால் தள்ளிவிட்டு அந்த இடத்தில் மல்லாந்து படுத்தாள். பறை நின்றது.

"ஆளு நான் இருக்கும்போது வைக்கோலு எதுக்கு?" என்றாள். "மழயக் கட்டுனவ நான்தான். பொம்மய இழுத்தா வானம் ஏமாறுமா? என்ன இழுங்க. நாலு தெருவும் மூணு சுத்து இழுத்துக் கோயிலாண்ட வுடுங்க. உசிரோட கீறவளுக்குக் கொள்ளி வெக்க முடியாது, அதனால ஏரிக்கரைக்குப் போவ வேணாம்."

கன்னியப்பன் பூசாரியைப் பார்த்தார், பூசாரி தலையாட்டினார், ஞாயமாகத்தான் தெரிந்தது. கொள்ளிச்சட்டிக்கு வேலை இல்லை என்று சுகன்யாவிடமிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டார்கள். அவள் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். கயிற்றை இழுத்தார்கள். முதல் சுற்றில் முதுகு தேய்ந்தது, இரண்டாவது சுற்றில் கீற்று கிழிந்து கல் குத்தியது, ஆனாலும் அஞ்சலாட்சி மேலே பார்த்தபடி மேகம் கூடுவதையே கவனித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது சுற்றில், கோயிலுக்கு நாலு வீடு இருக்கும்போது, ஏரிக்கரைப் பக்கம் வெளிச்சம் அடித்தது, ஊரே அதிர்ந்தது, பனைமரம் எரிவது எல்லோருக்கும் தெரிந்தது. அடுத்த மூச்சில் மழை கொட்டியது. எல்லோரும் நனைந்தார்கள், அன்றைக்கு அவள் தனியாக நனையவில்லை.

யாராவது ஒருவருக்குப் புரிந்திருக்கும் என்று அவள் நினைத்தாள், பனையைப் பார்த்துக் குழியைப் பார்த்து, அடடா அங்கே போயிருந்தால் என்று ஒரு வாய் சொல்லும் என்று காத்திருந்தாள். மறுநாள் டீக்கடையில் தணிகாசலம் சொன்னார், "இடி அவளத்தான் தேடிகினு போயிருக்குது. அங்க இல்லன்னதும் மரத்துமேல எறங்கிடுச்சு." ஊர் அதையே எடுத்துக்கொண்டது. பாவியை இழுத்தோம், மழை பெய்தது, இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்.

சுகன்யாவின் கல்யாணம் ஆவணியில் நடந்தது. பையன் விடாப்பிடியாக நின்றதால் ஜெகதாம்பாள் இறங்கிவந்தாள், ஒரே ஒரு நிபந்தனைதான், தாய்க்காரி மண்டபத்துப் படியேறக் கூடாது. சுகன்யா சரி என்றாள். பெண்ணழைப்புக் கார் கிளம்பும்போது அஞ்சலாட்சி கதவுக்குப் பின்னால் நின்றாள். மகள் திரும்பிப் பார்க்கவில்லை, அதற்கப்புறம் வரவும் இல்லை, பேத்தி பிறந்த சேதிகூட மூன்றாம் மனுஷர் சொல்லித்தான் தெரிந்தது.

ஊர் அவளை விரட்டவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். நல்லபடியாகவே வைத்திருந்தது. வருஷா வருஷம் ஆனி மாசம் மழை தள்ளிப்போனால் கன்னியப்பன் வெற்றிலைபாக்கோடு வந்து, "இன்னாம்மா, எப்ப வெச்சிக்கலாம்?" என்று கேட்பார். அவள் தினமும் வெயிலில் போய் நின்று பார்த்துவிட்டு, என்றைக்கு நனைகிறாளோ அன்றைக்கு, "நாளைக்கு மூணு மணிக்கு" என்பாள். இழுப்பார்கள், மழை பெய்யும். மழை இல்லாத நாளில் இழுபடுவானேன், முதுகுத் தோல் இரண்டு தடவை போவானேன் என்றுதான் அவள் நாள் பார்த்துச் சொன்னாள், ஆனால் தன்னைக் கட்டி இழுக்கிற கயிற்றைத் தானே திரித்துக் கொடுக்கிறோம் என்பதும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஈச்சம்பூண்டியில் பெய்கிற மாதிரி மழை எங்கேயும் இல்லை என்று சுற்றுவட்டாரம் பேசிக்கொண்டது.

கல்யாணமாகி நாலாவது வருஷம் ஆனியில் ஒருநாள் காலை, வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சுகன்யா இறங்கினாள், கொஞ்சம் சதை போட்டிருந்தாள், கையில் ஒரு பை. "இன்னாம்மா, எப்படிக்கீற?" என்று நேற்றுப் பார்த்தவள் மாதிரி கேட்டாள். அஞ்சலாட்சிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஓடிப்போய்க் கருவாடு வாங்கி வந்து, மகளுக்குப் பிடிக்குமே என்று கத்திரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தாள், பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள். சுகன்யா இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், பேத்தி பால்வாடி போவதைச் சொன்னாள், எல்லாம் சரியாகப் போய்விட்டது என்று இவளுக்கு நெஞ்சு நிறைந்தது. கை கழுவினபிறகு சுகன்யா பையைத் திறந்து, தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், அதன் மேல் ஒரு பச்சைப் புடவை வைத்து நீட்டினாள்.

"எங்க ஊர்லயும் மூணு மாசமா மழ இல்லம்மா. எங்க அத்ததான் கூட்டியாரச் சொன்னாங்க. ஆட்டோ நிக்குது."

அஞ்சலாட்சி தட்டைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "நீ வந்தது இதுக்குத்தானா?" என்று கேட்க வாயெடுத்தாள், கேட்கவில்லை. பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டு என்ன பிரயோஜனம். புடவையை மாற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

கீழ்ப்பாடூரில் ஊரே கூடியிருந்தது. கீற்று தயாராக இருந்தது, கயிறு தயாராக இருந்தது, பறை காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஜெகதாம்பாள் சொம்புத் தண்ணீர் கொடுத்து, "வாங்க சம்பந்தி" என்றாள், நாலு வருஷத்தில் முதல் தடவையாக. அஞ்சலாட்சி வாசலில் வெயிலில் நின்றபடி குடித்தாள். சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, மணி மூன்று இருக்கும், உச்சியில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு பத்து, பிறகு சடசடவென்று கொட்டியது. புதுப் புடவையின் சாயம் ஓடிக் காலடியில் மண் பச்சையானது.

"இன்னாடி இது, ஒங்கம்மா பழைய வேலய ஆரம்பிச்சிட்டாங்களா?" என்று ஜெகதாம்பாள் மருமகள் பக்கம் திரும்பினாள். சுகன்யா அந்த வீட்டு மருமகளாக நாலு வருஷம் வாழ்ந்ததில் குடத்து விஷயம் எப்படியோ மாமியார் காதுக்குப் போயிருந்தது.

சுகன்யா கிட்டே வந்து பார்த்தாள். குடத்துத் தண்ணீர் எப்படி வழியும் என்று அவளுக்குத் தெரியும், தலையில் விழுந்து தோளில் இறங்கி முடிந்துபோகும். இது முடியவில்லை, நெற்றியிலும் கையிலும் புதுசு புதுசாகச் சொட்டு தெறித்துக்கொண்டே இருந்தது, அம்மா மேலிருந்து மண்வாசனை அடித்தது. உள்ளே போய் ஒரு துண்டு எடுத்து வந்தாள். அம்மாவின் தலையைத் தன் பக்கம் சாய்த்துத் துவட்டினாள். யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள், "அன்னிக்கும் நெஜமாத்தான் நனைஞ்சியாம்மா?"

"ஆமா."

"பனையும் பாத்தியா?"

"பாத்தேன்."

துவட்டுகிற கை நின்றது. கண் நிறைந்து சுகன்யா அம்மாவையே பார்த்தாள். மழை தானாகவே நாளைக்கு இங்கே வரப்போகிறது, கயிறும் வேண்டாம் கீற்றும் வேண்டாம் என்பது அந்த வாசலில் இரண்டே பேருக்குத்தான் தெரியும், ஒருத்தி சொன்னால் எவனும் நம்பமாட்டான், இன்னொருத்தி சொன்னால் நம்புவார்கள். சுகன்யா திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள், வாசலில் நின்ற தன் மகளைப் பார்த்தாள். பிறகு மறுபடி துவட்ட ஆரம்பித்தாள், இன்னும் பதமாக, காதுமடல் ஈரத்தைக்கூட விடாமல்.

"இன்னிக்கு வேணாம் அத்த" என்றாள். "நாளைக்கு மூணு மணிக்கு இழுக்கலாம்."

அஞ்சலாட்சி, துவட்டுவதற்கு வாட்டமாகத் தலையை இன்னும் கொஞ்சம் குனிந்து கொடுத்தாள்.